தரமான தப்பு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பைபாஸ் ரோட்டை ஒட்டி, நன்னெறிச் சிகரம் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளி நிற்கிறது. பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் மதிலைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஜெயிலுங்க?" என்று கண்டக்டரிடம் கேட்பதுண்டு. கண்டக்டர்கள் யாரும் திருத்துவதில்லை. அவர்களில் சிலருடைய பிள்ளைகள் உள்ளேதான் படிக்கிறார்கள்.

அந்த மதில் ஒரே நாளில் வளர்ந்ததல்ல. எவனோ ஒரு பையன் பசி தாங்காமல் எதிர்க்கடையில் பரோட்டா வாங்க ஏறிக் குதித்தான் என்று உயர்த்தினார்கள். மறுபடியும் குதித்தார்கள் என்று கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். அதன் பிறகு பையன்கள் குதிப்பதை விட்டுவிட்டு, கடைக்காரரையே பொட்டலத்தைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். இன்றைக்கு அந்தப் பரோட்டா மாஸ்டர் கிரிக்கெட் ஆடப் போனால் எந்த டீமிலும் சேர்த்துக்கொள்வார்கள். ஏன் பசிக்கிறது என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

காணையிலிருந்து வந்த இளவரசி இங்கேதான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். அப்பா பச்சைமுத்துவுக்குக் கரும்பு விவசாயம். பிளஸ் டூ எழுதி, நர்சிங் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறி. விடியும் முன் எழுப்பினால் எழுந்தாள். பேசாதே என்றால் பேசாமல் இருந்தாள். மொட்டை மாடியில், தகரக் கொட்டகையில், மற்றப் பெண்களோடு வரிசையாகப் படுத்துக்கொண்டாள். அந்தக் கொட்டகைக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற அன்றைக்கெல்லாம் வாசலில் 'தியான மண்டபம்' என்று பலகை மாட்டிப் பூட்டிவிட்டு, பெண்களை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி மயிலம் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். போய்ப் போய், 'இன்னைக்கும் ஆய்வாம்மா?' என்று கேட்கிற அளவுக்கு மலையடிவாரத்துப் பூக்காரிக்கு இவர்கள் முகம் பழகிவிட்டது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குத்தான் பேராசிரியர் தீனதயாளன் வந்து சேர்ந்தார். மாணவர்கள் ஏன் நெறி தவறுகிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர். படம் போட்டுக் காட்டி, ரொம்ப நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: "ஒரு பிள்ளை தப்பு செய்ய இரண்டு வேண்டும். ஒன்று நெருக்கடி, இன்னொன்று வாய்ப்பு. நெருக்கடியைத் தளர்த்துங்கள். தப்புக்கான வாய்ப்பைக் குறையுங்கள். பிள்ளை தானாகத் திருந்தும்."

நன்றி சொல்லத் தாளாளர் தட்சிணாமூர்த்தி எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அந்தப் பள்ளிக்கூடத்தில் பூட்டுகிற எதற்கும் சாவி அங்கேதான் தொங்கும்.

"பேராசிரியர் ரெண்டு சொன்னாரு. அருமை. ஆனா முதல்ல சொன்னதை நாம செய்ய முடியாது. நெருக்கடிக்காகத்தான் பெத்தவங்க நம்மகிட்ட பீஸ் கட்டுறாங்க. நெருக்கடி வேணாம்னா புள்ளையை வீட்லயே வச்சிக்குவாங்களே? அப்புறம் எனக்கு இன்னா வேலை? அதனால ரெண்டாவதை எடுத்துப்போம். வாய்ப்பைக் குறைப்போம். குறைக்கிறது எனக்குப் பழக்கம்தான்."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். போன வருஷம் அவர்களுடைய சம்பளம் குறைந்தபோதும் இதே மாதிரிதான் கைதட்டினார்கள்.

மறு வாரமே வாய்ப்புகள் குறைய ஆரம்பித்தன. ஒளித்து வைக்க இடம் இருந்தால்தானே ஒளிப்பார்கள் என்று எல்லாருடைய சட்டைப் பைகளையும் தைத்து மூடினார்கள். கைக்குட்டை வைக்க வழியில்லாமல், சளி பிடித்த பிள்ளைகள் சட்டைக் கையில் துடைத்தன. அது சுத்தக் கேடு என்று சட்டைக் கையையும் வெட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மனம் அலைகிறது என்று கண்ணாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். பையன்களும் பெண்களும் ஒரே படிக்கட்டில் இறங்கினால் ஆபத்து என்று பையன்களுக்கு ஒரு மணி, பெண்களுக்கு ஒரு மணி அடித்தார்கள். எந்த மணி யாருக்கு என்று வாட்ச்மேனுக்கே குழம்பியதில், ஒருநாள் எல்லாரும் நடுப்படியில் மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டார்கள்.

இது எதுவும் தாளாளருக்குப் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, 'ஒழுக்கக் கண்' என்ற திட்டத்தை அறிவித்தார்.

"இனிமே ஒவ்வொரு மாணவனும் வாரத்துக்கு ஒரு தப்பைக் கண்டுபிடிக்கணும். காலைக் கூட்டத்துல எழுந்து நின்னு, 'ஐயா, ஒரு குறை கண்டேன்'னு ஆரம்பிச்சு, மைக்ல சொல்லணும். சொன்னவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கோழிக் குழம்பு. தப்பு பண்ணவனுக்குக் கேப்பைக் கூழு. ஒண்ணும் சொல்லாதவனுக்கு மோர் சாதம். ஒருத்தன் குறை சொல்லும்போது நடுவுல யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. தெறந்தா அது ரெண்டு தப்பு!" கைதட்டல் பெரிதாக எழுந்தது. தாளாளருக்கு அது ஏறிவிட்டது. சாவிக் கொத்தைத் தட்டிக்கொண்டே முழங்கினார்: "வாட்ச்மேன்ல இருந்து தாளாளர் வரைக்கும் யாரா இருந்தாலும் சரி! ஒழுக்கத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு!"

முதல் வாரம் பிள்ளைகள் தடுமாறிப்போனார்கள். நாள் முழுக்க வாயைக் கட்டி, பையைத் தைத்து, ஜன்னலை அடைத்து வைத்தால், பாவம், தப்புக்கு எங்கே போவார்கள்? தலை சீவாதது, ஷூ லேஸ் அவிழ்ந்தது, தூக்கத்தில் சிரித்தது என்று சொல்லிப் பார்த்தார்கள். வார்டன் சூர்யகலா மிஸ் மைக்கைப் பிடுங்கினாள்.

"இன்னா சில்லறைத் தப்பா சொல்லிக்கினு இருக்கீங்க? இதுக்கெல்லாம் கோழி போட முடியுமா? தரமான தப்பா சொல்லுங்க!"

அங்கேதான் ரஞ்சித் முளைத்தான். வகுப்பில் கடைசி ரேங்க். ஆனால் நாட்டை நிர்வகிக்கக் கொடுத்தால் நிர்வகித்துவிடுவான். சாப்பாட்டு வரிசையில் காதும் காதும் வைத்த மாதிரி ஓர் ஏற்பாடு செய்தான். "இந்த வாரம் இந்த பெஞ்சு தப்பு பண்ணட்டும், அந்த பெஞ்சு புடிச்சுக் குடுக்கட்டும். அடுத்த வாரம் மாத்திக்கலாம். எல்லாருக்கும் ஒரு வாரம் கோழி, ஒரு வாரம் கூழு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

அதுவரை ஒரு பென்சிலைக்கூடத் திருடத் தெரியாத பிள்ளைகள் முறை வைத்துத் திருடப் பழகினார்கள். சூர்யகலா மிஸ்ஸின் ஒற்றைச் செருப்பு தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. ஃபியூஸ் கட்டை காணாமல் போனது. தாளாளர் படத்துக்கு மீசை முளைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "எனக்கு இன்னும் தப்பு கெடைக்கலண்ணா, ஒண்ணு குடுங்க" என்று ரஞ்சித்திடம் அழுதான். கூழுக்குப் பயந்தவர்கள் யாரும் இல்லை. சமையல்காரி பூமாலை நல்ல கைப்பக்குவக்காரி. மரக்காணத்து மீனவர் வீட்டுப் பெண் அஸ்வினி, வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த கருவாட்டைச் சமையற்கட்டில் சுட்டு வைப்பாள். கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் என்றானதும், கூழ் வாரத்துக்குத்தான் போட்டி அதிகமானது.

தப்புகள் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துத் தாளாளர் கலங்கவில்லை. பூரித்துப்போனார். "பாத்தீங்களா? இம்மாம் தப்பு நடந்துகினு இருந்திருக்கு, நமக்குத் தெரியாமலே போயிருக்கு! திட்டம் மாபெரும் வெற்றி!"

இந்த ஆட்டத்தில் சேராதவள் இளவரசி மட்டும். அவளுக்குத் தப்பு பண்ணவும் வரவில்லை, பிடித்துக் கொடுக்கவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டாள். அவள் பாட்டுக்கு இருந்தாள், அவ்வளவுதான். அதுவே பெரிய வினையாகிப் போனது.

ஒருநாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். சூர்யகலா மிஸ் ஆரம்பித்தாள்.

"உன்மேல யாரும் குறை சொல்லல. நீயும் யார்மேலயும் சொல்லல. இன்னா நெனச்சிக்கினு இருக்க மனசுல?"

"நான் ஒண்ணுமே பண்ணல மிஸ்."

"அதான் சார், எல்லாரும் பண்றாங்க, இவ மட்டும் பண்ணலன்னா? ஏதோ பெரிசா மறைக்கிறா."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நானும் இத்தினி வருஷமா ஸ்கூல் நடத்துறேன். இவ்ளோ நெருக்கடி குடுத்தும் ஒருத்தி கெடலன்னா, என் நிர்வாகத்தைப் பத்தி வெளியில இன்னா பேசுவாங்க? உங்கப்பாவை வரச்சொல்லு."

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டுக்காரர்களை அப்படியே விட்டுவிட்டு, மகளுக்கு உடம்புக்குத்தான் என்னவோ என்று பதறிக்கொண்டு பச்சைமுத்து ஓடி வந்தார். வருகிற அவசரத்திலும் மனைவி செண்பகம் அவித்துக் கொடுத்த வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றார்.

"பையில இன்னா?"

"புள்ளைக்கு மல்லாட்டைங்க. அவிச்சது. அவங்கம்மா குடுத்தா."

"வெளித் தின்பண்டம் உள்ள வரக்கூடாது. பறிமுதல்." பை மேசைக்குப் போனது. தாளாளர் ஒரு பிடி எடுத்தார். உரித்தார், வாயில் போட்டார், தோலைத் தரையில் போட்டார். உரித்துக்கொண்டே பேசினார்.

"உங்க பொண்ணு ஒத்துழைக்க மாட்டேன்றா."

"படிக்கலைங்களா?"

"படிக்கிறா, படிக்கிறா. அதெல்லாம் இல்ல. தப்பு பண்ண மாட்டேன்றா."

பச்சைமுத்து மகளைப் பார்த்தார், தாளாளரைப் பார்த்தார், சூர்யகலா மிஸ்ஸைப் பார்த்தார். எந்த முகத்திலும் சிரிப்பு இல்லை. "தப்பு பண்ணலைங்களா? அதுக்காகவா இட்டாந்தீங்க? அங்க வெட்டு ஆளுங்க நிக்கிறாங்க சார்..."

"பேசாதீங்க. ஆண்டு விழா வருது. பேராசிரியர் வர்றாரு, கல்வித் துறையில இருந்து அதிகாரியம்மா வர்றாங்க. மேடையில நேரடியா குறை சொல்ற நிகழ்ச்சி வச்சிருக்கேன். உங்க பொண்ணு சொல்லணும். தப்பே பண்ணாத பொண்ணு சொன்னாத்தான் எடுபடும். ரஞ்சித் மதில் ஏறினான்னு சொல்லணும். சொன்னா ஹால் டிக்கெட். சொல்லலன்னா கெடையாது. காணையில போய்க் கரும்பு வெட்டட்டும்."

"பரீட்ச எழுதவுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அதைப் பொண்ணுகிட்ட சொல்லுங்க." பை காலியாகியிருந்தது. தாளாளர் கையைத் தட்டிக்கொண்டார். "போறப்ப இந்தத் தோலையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. இங்க சுத்தம் ரொம்ப முக்கியம்."

பச்சைமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த ஆள் தின்று போட்ட தோலை, நாற்காலிக்கடியிலும் மேசைக்கடியிலும் கைவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டார். தாளாளர் காலைக்கூட நகர்த்தவில்லை. குனியப் போன மகளை, "நீ வாணாம், இரு" என்று தடுத்துவிட்டார். இளவரசிக்கு அழுகை வரவில்லை. நாசமாய்ப் போகிறவனே, உனக்கு இருக்குது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே அப்பா, "வுடு கண்ணு. பரீட்ச எழுதினு வந்துரு, அது போதும்" என்றார்.

"எழுதுவேம்பா. நீ ஆண்டு விழாவுக்கு வா. வரும்போது மல்லாட்டை எடுத்துக்கினு வா."

"மறுபடியுமா? புடுங்கிக்குவாங்கடி!"

"எடுத்துக்கினு வாப்பா, சொல்றேன்ல."

ஒத்திகை மும்முரமாக நடந்தது. ரஞ்சித் மதில் ஏறுவதைப் போட்டோ எடுத்துத் திரையில் காட்ட வேண்டும் என்று தாளாளர் ஆசைப்பட்டார். கண்ணாடிச் சில்லில் கால் வைக்க முடியாது என்று ரஞ்சித் சொன்னதால், சூர்யகலா மிஸ்ஸே ஏணி கொண்டுவந்து, ஏறும்போது பிடித்துக்கொண்டாள். "பயந்த மாதிரி மூஞ்சியை வச்சிக்கோடா" என்று கீழேயிருந்து சொல்லியும் கொடுத்தாள்.

ஆண்டு விழா அன்று பந்தல் நிறையப் பெற்றோர்கள். முன் வரிசையில் பேராசிரியர். நடுவில் மாவட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஜெயம்மாள். கடைசி வரிசையில் பச்சைமுத்து, மடியில் மஞ்சள் பையோடு. தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"எங்க பள்ளியில பயம் கிடையாது. உண்மை ஒண்ணுதான் உண்டு. யார் தப்பு பண்ணாலும் எங்க புள்ளைங்க எழுந்து நின்னு சொல்லுவாங்க. இப்ப உங்க கண்ணு முன்னாடியே பாருங்க!"

இளவரசி மேடை ஏறினாள். திரையில் ரஞ்சித் மதிலில் பயந்து நின்றான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா, ஒரு குறை கண்டேன். நான் படுக்கிறது மொட்டை மாடி தகரக் கொட்டகையில. எங்க எல்லாருக்கும் அங்கதான் படுக்கை. அதிகாரிங்க வந்தா அதுக்குத் தியான மண்டபம்னு பேரு. எங்களை பஸ்ஸுல ஏத்தி மயிலத்துக்கு அனுப்பிடுவாங்க. இந்தத் தப்பைப் பண்றது தாளாளர் ஐயா."

தாளாளர் பாய்ந்து வந்தார். "ஏய், இன்னா ஒளர்ற? மைக்கை நிறுத்து!"

"குறை சொல்லும்போது வாயைத் தெறக்கக் கூடாதுங்க ஐயா. அது ரெண்டு தப்பு" என்றாள் இளவரசி, அதே மைக்கில். "இன்னொரு குறையும் கண்டேன். எங்கப்பா எனக்குக் கொண்டாந்த மல்லாட்டையை வெளித் தின்பண்டம்னு புடுங்கி, இவரே தின்னாரு. தின்ன தோலை எங்கப்பாவைப் பொறுக்க வச்சாரு. குறை சொல்லலன்னா ஹால் டிக்கெட் இல்லன்னாரு. சொல்லிட்டேன்."

ரஞ்சித் எழுந்தான். "ஐயா, ஒரு குறை கண்டேன். நான் மதில் ஏறினது நெசம். ஏணியைப் புடிச்சுக்கினது சூர்யகலா மிஸ்!"

அஸ்வினி எழுந்தாள். "ஐயா, ஒரு குறை கண்டேன். தகரத்துக்கடியில படுத்து எங்க முதுகெல்லாம் வேர்க்குரு. ஃபேன் கேட்டா, மரக்காணத்துல வாங்காத காத்தான்னு கேக்குறாரு!"

அவ்வளவுதான். திறந்து விட்ட மடை மாதிரி பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். இத்தனை நாள் தரமான தப்பைத் தேடிச் செருப்பையும் ஃபியூஸ் கட்டையையும் திருடிக்கொண்டு அலைந்தவர்களுக்கு, முழுசாக ஒன்று மேடையிலேயே நிற்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் சூர்யகலா மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் அவளும் கையைத் தூக்கினாள்.

"ஐயா, நானும் ஒரு குறை கண்டேன்! ஏணி கொண்டாரச் சொன்னது இவருதான்!"

ஜெயம்மாள் நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தார். "தியான மண்டபத்தைப் பாத்துட்டு வரலாமா?"

"சாவி எங்கியோ தொலஞ்சிட்டுதுங்கம்மா" என்றார் தாளாளர்.

"ஐயா, ஒரு குறை கண்டேன்" என்றாள் அஸ்வினி. "சாவி உங்க இடுப்புல கீது."

அதிகாரியம்மா படியேறிப் போனார். பின்னாலேயே பெற்றோர்களும் ஏறினார்கள். நடுப்பகல் வெயிலில் அந்தத் தகரத்துக்கடியில் அவர்களால் நிற்க முடியவில்லை. தங்கள் பிள்ளைகளின் பாய்களைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் தாளாளரைப் பிடித்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மரக்காணத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கேட்டதைப் பக்கத்தில் இருப்பவர் காதில்கூடச் சொல்ல முடியாது. ஜெயம்மாள் கொட்டகைக்கு அங்கேயே சீல் வைத்தார். ஏற்பாடு ஆகிற வரை பெண்கள் தாளாளரின் ஏசி ஆலோசனைக் கூடத்தில் படுப்பார்கள் என்றார். பள்ளிக்கூடத்தின் அனுமதியைப் பற்றி மேலே எழுதப்போவதாகவும் சொன்னார்.

வேர்த்து ஊற்றி உட்கார்ந்திருந்த தாளாளர் பக்கத்தில் பேராசிரியர் தீனதயாளன் ஆசையோடு வந்து உட்கார்ந்தார். "சார், எனக்கு இந்த மாதிரி ஒரு ஆள் இதுவரைக்கும் கிடைச்சதே இல்லை. கொஞ்சம் மனசு விட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு நெருக்கடி எப்போ ஆரம்பிச்சுது? வாய்ப்பு யார் குடுத்தாங்க?"

தாளாளர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்துப் பூமாலை ஒரு சொம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். விருந்தினருக்காகச் செய்த கோழிக் குழம்பு அத்தனையும் பிள்ளைகளின் பந்திக்குப் போய்விட்டிருந்தது.

"குறை சொன்னவங்களுக்குக் கோழி, தப்பு பண்ணவங்களுக்குக் கூழுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? கருவாடு கேட்டேன். உங்களுக்குக் குடுக்க மாட்டாளாம் அஸ்வினி."

ஹால் டிக்கெட்டை அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று ஜெயம்மாள் அலுவலக அறையில் வந்து உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தது தாளாளர் நாற்காலியில். தாளாளர் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். இளவரசியின் முறை வந்தபோது பச்சைமுத்துவும் கூட வந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றார் ஜெயம்மாள்.

பச்சைமுத்து உட்கார்ந்தார். இளவரசி ஹால் டிக்கெட்டை வாங்கி, பேர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து மடித்துக்கொண்டாள். வைக்கத்தான் பை இல்லை, தைத்துவிட்டார்களே, கையிலேயே பிடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் மடியிலிருந்த மஞ்சள் பையை எடுத்து மேசைமேல் வைத்து, அதிகாரியம்மாவுக்கு ஒரு பிடி கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு பிடி கொடுத்தாள்.

"தின்னுப்பா. நல்லா அவிஞ்சிருக்கு."

பச்சைமுத்து தயங்கினார். தாளாளரைப் பார்த்தார். பிறகு ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, தோலைக் கையிலேயே வைத்திருந்தார். போட இடம் தேடினார்.

"கீழ போடுப்பா" என்றாள் இளவரசி. "இங்க சுத்தம் ரொம்ப முக்கியம். சார் பொறுக்கிக்குவாரு."

அவர் போட்டார். இன்னொன்று உரித்தார், அதையும் போட்டார். அவசரமே படாமல் பை காலியாகிற வரைக்கும் தின்றார்கள். ஜெயம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடிக்கு எதற்காகப் பச்சை பெயின்ட் அடித்தார்கள் என்று விசாரித்தார். தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"மேசைக்கடியிலயும் கீது சார்" என்றாள் இளவரசி.